சாதி, மதம், மொழி: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் சட்டக் கேள்விகள்

2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில், அதாவது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கங்களில், திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. கீழே அவை பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்று வரும். 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எல்லோரும் சொல்வது போல வன்கொடுமைச் சட்டம் என்றே எழுதுகிறோம்.

சிறுபான்மைன்னா முஸ்லிம், கிறிஸ்தவர் மட்டும்தானே?

இல்லை. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை இரண்டையும் சொல்கிறது. 1992-ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி ஆகிய ஐந்து சமூகங்கள் 1993-ல் அறிவிக்கப்பட்டன; 2014-ல் சமணர் சேர்ந்தார்கள். மொழிக்கு அப்படி ஒரு தேசியப் பட்டியல் கிடையாது. யார் சிறுபான்மை என்பதை மாநில அளவில்தான் பார்க்க வேண்டும் என்று 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது.

அதனால் குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் இந்துக் குடும்பமும் தமிழ்நாட்டில் சிறுபான்மைதான். 1911-ல் வடஆற்காட்டிலிருந்து சித்தூரைப் பிரித்தபோது கோடு கிழித்தது நிலத்தில். பேச்சு இரண்டு பக்கமும் கலந்தே நின்றது. வாணியம்பாடியில் உருது பேசும் முஸ்லிம் மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மை. தமிழ் பேசும் முஸ்லிம் மதத்தால் மட்டும்.

நாங்க எஸ்.சி. எண்ணிக்கையில கம்மிதானே? சிறுபான்மை ஆணையத்துக்கு மனு போடலாமா?

போடலாம், பலன் இருக்காது. சட்டம் மூன்று தனித்தனிக் கதவுகளை வைத்திருக்கிறது. பள்ளி, மொழி, வழிபாடு சம்பந்தப்பட்ட சிறுபான்மை உரிமை ஒன்று. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு, அதை நடைமுறைப்படுத்தும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வன்கொடுமைச் சட்டம் இவை மூன்றும் சேர்ந்தது இன்னொன்று. எந்த இரண்டு சமூகங்களுக்கு இடையிலும் பகையைத் தூண்டுவதைத் தண்டிக்கும் பி.என்.எஸ். 196 மூன்றாவது.

மனுக்கள் வீணாவதில் பாதி, தவறான கதவைத் தட்டுவதால்தான். டீக்கடைத் தனி டம்ளர் விஷயம் சிறுபான்மை ஆணையத்துக்குப் போகிறது. மசூதி முன்பு நடந்த தகராறு ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்து ‘உரிய அலுவலகத்தை அணுகவும்’ என்று ஒரு கடிதம் வரும். அதற்குள் சாட்சி சொல்ல இருந்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பார்.

காலனியில இருக்கிற கிறிஸ்தவங்களுக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்துமா?

இன்றைய சட்டப்படி பொருந்தாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஒரே தெரு, ஒரே வசவு, ஆனால் ஒரு வீட்டுக்குச் சட்டம் உண்டு, அடுத்த வீட்டுக்கு இல்லை. நியாயமாகப் படவில்லைதான், இதை ஆராய 2022-ல் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது.

சான்றிதழில் ‘இந்து’ என்று இருந்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். புகார் கொடுக்கும் முன்பே இதை உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை: ஜவ்வாது மலை மலையாளியோ இருளரோ எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடிதான். ஆனால் அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியர். எஸ்.சி. சான்றிதழ் மட்டும் தாசில்தாரிடம்.

ஜாதி பேரைச் சொல்லித் திட்டினாலே கேஸ் நிக்குமா?

நான்கு விஷயம் சேர வேண்டும். திட்டு வாங்கியவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி.; திட்டியவர் அந்த இரண்டிலும் இல்லாதவர்; சாதியை வைத்தே இழிவுபடுத்தியிருக்க வேண்டும்; பொதுமக்கள் பார்வையில் படும் இடமாக இருக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய உட்பிரிவுகளுக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தால் இந்த உட்பிரிவுகள் வராது என்று 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக இடம் அரசுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தெருவிலிருந்து தெரியும் திண்ணை, நாலு பேர் நிற்கும் களத்துமேடு போதும்.

பெரும்பாலான புகார்கள் ஓட்டையாவது ஒரே வரியில்: ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்.’ என்ன வார்த்தை என்று எழுதுங்கள், எழுதக் கூசினாலும். எந்த இடம், எத்தனை மணி, அப்போது யார் யார் நின்றார்கள், அவர்களில் உங்கள் சொந்தக்காரர் அல்லாதவர் யார்? இவ்வளவும் முதல் புகாரிலேயே வர வேண்டும். பிறகு சேர்த்தால் ‘ஜோடிப்பு’ என்பார்கள்.

அருந்ததியரை இன்னொரு எஸ்.சி. ஆளே கேவலமா பேசினா?

இருவரும் பட்டியல் சாதி என்பதால் வன்கொடுமைச் சட்டம் வராது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ‘யாராயினும்’ என்று சொல்வதால், தீண்டாமை பார்த்தால் அது வரும்.

ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது குடுத்து அனுப்பிட்டாங்க. அதுவே எஃப்.ஐ.ஆர். தானே?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவு மூன்றும் இருக்கும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். கையில் இருக்கும் தாளில் குற்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கு இன்னும் பிறக்கவில்லை.

3 ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் 7 ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 173 சொல்கிறது. ‘விசாரிச்சுட்டு போடறோம்’ என்பதற்கு இதைக் காட்டுவார்கள். வன்கொடுமைச் சட்டத்துக்கு அது பொருந்தாது. 2018-ல் சேர்த்த 18-ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்று நேரடியாகச் சொல்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது.

மறுத்தால் வரிசை இது: மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், அதிலும் அசையவில்லையென்றால் உறுதிமொழிப் பத்திரத்தோடு நீதிமன்றத்தில் மனு. தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள், அவை இல்லாமல் அந்த மனு நிற்காது. திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் சட்டம் சொல்லும் படி அது அல்ல. 14566 தேசிய உதவி எண்ணில் பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

பதிவான பிறகு விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் துறை விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டைப் பதிய முடியும். ‘இன்ஸ்பெக்டர் மேலயும் போடுங்க’ என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டும் ஆளைத் தூக்கலையே, இன்னா நியாயம் இது?

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்குக் கைது கட்டாயமில்லை. நோட்டீஸ் கொடுத்து வரவழைத்தாலே போதும். வன்கொடுமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தடுப்பது முன்ஜாமீனை மட்டும். கைதை விட நீங்கள் கவனிக்க வேண்டியது ஜாமீன் விசாரணை. 15-ஏ பிரிவுப்படி உங்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், உங்கள் பேச்சையும் கேட்க வேண்டும். தகவல் தராமல் கிடைத்த ஜாமீனை எதிர்த்து 14-ஏ பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சாவு எடுத்துப் போற வழியை மறிச்சு வேலி போட்டுட்டாங்க. நிலம் அவங்க பட்டாங்கறாங்க.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி இல்லாததால் ஓர் ஆதிதிராவிடரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. தனி மயானம் ஒதுக்குவதே பாகுபாட்டை வளர்ப்பதாகாதா என்றும் அரசைக் கேட்டது.

மயானத்தையோ பாதையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைச் சட்டம் 3(1)(இசட்.ஏ) பிரிவில் குற்றம். அதே பிரிவில் குளம், ஆறு, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவது, செருப்போ புதுத்துணியோ போடுவது, கல்யாண ஊர்வலம் எல்லாம் வரிசையாக வருகிறது. ஆனால் பட்டாக்காரர் ‘இது என் நிலம், சாதி பார்க்கவில்லை, யாரையும் விடுவதில்லை’ என்பார். அப்போது கேள்வி நிலத்துக்குப் போகிறது. அதனால் காகிதம் முதலில்.

வி.ஏ.ஓ.விடம் நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் ‘அ’ பதிவேட்டு நகல், புல வரைபடம், கிராம வரைபடம் மூன்றும் வாங்குங்கள். வரைபடத்தில் வண்டிப்பாதை காட்டியிருக்கிறதா, சர்வே எண் புறம்போக்கா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் தாசில்தார் எடுக்க வேண்டும். பட்டா நிலமாகவே இருந்து, 20 ஆண்டு தடையில்லாமல் உரிமையோடு நடந்திருந்தால், வசதியுரிமைச் சட்டத்தில் பாதை உரிமை பிறக்கும். ஆனால் அதை சிவில் நீதிமன்றம்தான் சொல்ல முடியும், அதற்கு வருஷங்கள் ஆகும். எதுவுமே இல்லையென்றால், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் பாதையை அரசே வாங்கித் தரச் சொல்லி ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். சாவு விழுந்த அன்று ஓடுவதற்கு முன்பு, சும்மா இருக்கும் நாளில் இந்த வேலையை முடிப்பது நல்லது.

தாசில்தார் ‘சமாதானக் கூட்டம்’ கூப்பிடறார். போய்க் கையெழுத்துப் போடலாமா?

போங்கள். திருவிழா, பாதை, தண்ணீர் இவற்றில் இன்றைக்கு மாலை அடிதடி நடக்காமல் தடுக்க அது உதவும். கையெழுத்துப் போடும் முன் கூட்டக் குறிப்பை முழுக்கப் படியுங்கள். ‘இரு தரப்பும் புகார்களைத் திரும்பப் பெறச் சம்மதிக்கிறோம்’ என்று கடைசி வரியில் ஒரு வாக்கியம் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். வன்கொடுமைச் சட்டக் குற்றங்களைத் தரப்பினர் தாங்களாகவே சமரசம் செய்து முடிக்க முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பிறகு ஜாமீன் மனுவில் காட்டுவார்கள். ‘நிலுவையிலுள்ள வழக்கைப் பாதிக்காது’ என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கோயில் விஷயமென்றால் பேரம் பேச எதுவும் இல்லை. 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் உள்ளே போகும் உரிமையை எப்போதோ தந்துவிட்டது. ‘இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்ற தீர்மானத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

நிவாரணப் பணம் தீர்ப்பு வந்தாத்தானே?

தவணை தவணையாக வரும். 2016-ல் திருத்திய மத்திய விதிகளின்படி குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை; 2021-ல் தமிழ்நாடு அரசு இதை 1 லட்சத்திலிருந்து 12 லட்சம் வரை என்று உயர்த்தியது. சாதி சொல்லி இழிவுபடுத்தியதற்கு மத்திய விதிகளில் 1 லட்சம்: முதல் தகவல் அறிக்கையில் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகையில் 50, தண்டனைத் தீர்ப்பில் 25. கொலை என்றால் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு பாதி, குற்றப்பத்திரிகையில் மீதி. கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நின்றுபோன தவணையைக் கேட்க வேண்டிய இடம் அது.

எங்க மேல பொய்யா வன்கொடுமை கேஸ் போட்டுட்டாங்க. முன்ஜாமீனே கிடையாதா?

புகாரைப் படித்தாலே மேலே சொன்ன நான்கு விஷயமும் சேரவில்லை என்றால் முன்ஜாமீன் கேட்கலாம். 2024-ல் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் கொடுத்தது. புகார்தாரர் எஸ்.சி. என்பதாலேயே ஒவ்வொரு திட்டும் சாதித் திட்டு ஆகாது என்றும் சொன்னது. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற தனிப்பட்ட சண்டையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவும் போடலாம்.

இதற்குப் பதிலாக ஊரில் செய்வது, போட்டிக்கு ஒரு எதிர்ப்புகார் கொடுப்பது, கடையில் சாமான் தராதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று சொல்வது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 3(1)(இசட்.சி) பிரிவில் தனிக் குற்றம். ஒரு கேஸில் தப்ப வேண்டியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார்.

மேடையில ஒரு மதத்தைப் பத்திக் கண்டபடி பேசினா என்ன செக்‌ஷன்?

பி.என்.எஸ். 196. மதம், இனம், பிறப்பிடம், மொழி, சாதி எதை வைத்தும் இரண்டு பிரிவினருக்கு இடையே பகை மூட்டினால் 3 ஆண்டு வரை. வழிபாட்டு இடத்தில் செய்தால் 5 ஆண்டு வரை. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 299. கடுமையாக விமர்சித்தார் என்பது போதாது, பகை மூட்டும் எண்ணம் தெரிய வேண்டும். புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாக வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

வழக்கு எங்கே சாகிறது என்றால், அனுமதியில். பி.என்.எஸ்.எஸ். 217-ன்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றங்களை விசாரணைக்கு எடுக்க முடியாது. கோப்பு தலைமைச் செயலகத்தில் தூங்கினால் வழக்கும் தூங்கிவிடும். புகார்தாரர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தகவல் உரிமைச் சட்டத்தில் அனுமதிக் கோப்பின் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்ல வந்தது. ஸ்கிரீன்ஷாட் போதுமா? அட்மினையும் பிடிப்பாங்களா?

ஸ்கிரீன்ஷாட் ஆரம்பம் மட்டுமே. செய்தி வந்த போனையே வைத்திருங்கள்; ரீசெட் செய்யாதீர்கள், குழுவிலிருந்து அவசரமாக வெளியேறாதீர்கள். அனுப்பியவரின் எண் தெரியும்படி, தேதி, நேரம், குழுவின் பெயர் தெரியும்படி படம் எடுங்கள். நீதிமன்றத்தில் நகலைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63(4)-ன் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டையும், குறிக்க வேண்டும். ‘பாருங்க என்ன எழுதியிருக்கான்’ என்று பத்துக் குழுவுக்கு நீங்களே அனுப்பினால் பரப்பியவர் பட்டியலில் உங்கள் பெயரும் வரலாம்.

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-ல் மதுரைக் கிளை சொன்னது. கூட்டுச்சதி செய்தால் கதை வேறு.

முஸ்லிம்னு சொன்னதும் ‘வீடு ஆயிடுச்சு’ங்கறாங்க. கேஸ் போட முடியுமா?

கேட்டவருக்குச் சொல்லக் கஷ்டமான பதில்: நேரடியான சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, சாலை என்று சொல்கிறது. தனியார் வீட்டு வாடகை அதில் இல்லை. எஸ்.சி. என்பதற்காக மறுத்தால், குடியிருப்பைப் பிடிப்பதில் தீண்டாமை பார்ப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். மதத்துக்காக மறுத்தால் அப்படி ஒன்று இல்லை. இந்த ஓட்டையை நாடாளுமன்றம்தான் அடைக்க வேண்டும்.

கலவரத்துல கடை எரிஞ்சுது. வக்கீல் வைக்க வசதியில்ல.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவில் இனக்கலவரம், சாதிக் கொடுமை இவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-ல் கேளுங்கள்.

சாமி ஊர்வலம் பள்ளிவாசல் தெரு வழியா போகக்கூடாதுன்னு சொல்ல உரிமை இருக்கா?

பொதுத் தெரு எல்லோருக்கும் பொது. 1924-லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இதுதான். 2021-ல் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. தேவாலய ஊர்வலத்துக்கும், மிலாது ஊர்வலத்துக்கும் அதே விதி. நேரம், மேளம், நிற்கும் இடம் இவற்றைப் போலீஸ் வரையறுக்கலாம். அனுமதி மனுவில் பாதையைத் தெருப் பெயரோடு எழுதுங்கள். ‘வழக்கமான பாதை’ என்று எழுதிய மனுவால்தான் பாதிச் சண்டை வருகிறது, இரண்டு தரப்புக்கும் வழக்கம் வேறு.

வேலூர் கோட்டையில கோயில்ல பூஜை நடக்குது, மசூதியில தொழுகை இல்லையே. 1991 சட்டம் என்ன சொல்லுது?

1947 ஆகஸ்ட் 15-ல் இருந்த தன்மையே தொடர வேண்டும் என்கிறது வழிபாட்டு இடங்கள் சட்டம். ஆனால் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தில் வரும் சின்னங்களுக்கு அது பொருந்தாது என்று 4(3) பிரிவே விலக்கு தருகிறது. கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் இரு தரப்பும் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவதில் பயனில்லை. துறையின் பொது நிலை, வழிபாடு இல்லாத சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்க விடுவதில்லை என்பது. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டுப் பூஜை தொடங்கியது இந்த நிலைக்கு இடித்துக்கொண்டே நிற்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சிறுபான்மைக் காலேஜ்னா இஷ்டத்துக்கு சீட் குடுக்கலாமா?

முடியாது. நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30(1)-ல் உண்டு. 15(5) பிரிவின்படி இட ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. தரத்துக்கான பொது விதி பொருந்தும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தொடுத்த வழக்கில், நீட் தேர்வு சிறுபான்மை உரிமையை மீறவில்லை என்று 2020 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு கட்டாயமா என்ற கேள்வியை 2025 செப்டம்பர் 1-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

உருது மீடியம் வகுப்பு கேட்டா ‘பசங்க பத்தாது’ங்கறாங்க. எத்தனை பேர் வேணும்?

அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது, எண்ணிக்கை சொல்லவில்லை. 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்ட அளவு: வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர். அது சட்டமல்ல, ஒப்புதல். பெற்றோர் கையெழுத்தோடு பெயர்ப் பட்டியலை இணைத்துக் கொடுத்தால் ‘பத்தாது’ என்ற பதிலை எழுத்தில் தர அதிகாரி யோசிப்பார்.

மேல்மொணவூர் முகாம்ல இருக்கோம். சிலோன் தமிழர்னு யாராவது கேவலமா பேசினா எங்களுக்குச் சட்டம் இருக்கா?

இருக்கிறது, பாதி. அரசியலமைப்பில் சமத்துவம் சொல்லும் 14-ஆம் பிரிவும் உயிர், சுதந்திரம் சொல்லும் 21-ஆம் பிரிவும் குடிமகன் என்று கேட்பதில்லை, ‘எந்த நபருக்கும்’ என்கின்றன. பி.என்.எஸ். 196 பிறப்பிடத்தையும் சேர்த்தே சொல்கிறது, புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. மொழி, பண்பாட்டைக் காக்கும் 29-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான் இருக்கின்றன, இலங்கை இல்லை. புகார் மனுவில் முகாம் அடையாள அட்டையின் எண்ணையே முகவரிச் சான்றாக எழுதுங்கள், அதற்கு மேல் எதையும் கேட்டு மனுவைத் திருப்ப முடியாது.